கிழங்குக்கு நாற்று வேண்டாம்

கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று விட்டே பழகிய கை. வீட்டுத் தோட்டத்தில் முதன்முதலாகக் கேரட் போட்டபோதும் குழித்தட்டில் வளர்த்துப் பிடுங்கி நட்டேன். இலை செழிப்பா வந்துச்சு. தோண்டிப் பார்த்தா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கால், மூணு கால். முளைத்ததும் இறங்கும் ஆணிவேர்தான் கிழங்காகப் பருக்கிறது. நுனி ஒடிந்தால் பக்கவேர்கள் பருத்துவிடும். இது தெரியாம ஒரு பட்டம் போச்சு.

இப்போது முள்ளங்கி, கேரட் இரண்டுமே நேரடி விதைப்புதான். மேட்டுப்பாத்தியை ஒரு சாணுக்கு மேல் கொத்தி, கல்லும் கட்டியும் பொறுக்கி, நன்றாக மக்கிய தொழுவுரம் மட்டும் கலக்கிறேன். பச்சைச் சாணம் போட்டாலும் வேர் கிளைக்கும். கேரட் விதையை மணலோடு கலந்து தூவி, மெல்லிசா மண் மூடி, மேலே ஈரச்சாக்கு. முள்ளங்கி நாலைந்து நாளில் முளைக்கும். கேரட்டுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். அதுவரை மேல்மண் காயக் கூடாது. முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துடுங்க.

மனசு வராத வேலை, கலைத்துவிடுவதுதான். "முளைச்சதைப் போய்ப் பிடுங்குவாங்களா?" என்று வீட்டுக்காரம்மா தடுத்தாங்க. முள்ளங்கிப் பாத்தியில் பாதியை அவங்களுக்கே விட்டுட்டேன். கலைக்காத பாதியில் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. அடுத்த தடவை அவங்களே உட்கார்ந்து நாலு விரல் இடைவெளி விட்டுக் கலைச்சாங்க. பிடுங்கின இளங்கீரை அன்னைக்கே பொரியலாச்சு.