டார்ச் விளக்கும் அதன் கட்டையும்

இரவில் மின்சாரம் நின்றவுடன் நம் கை முதலில் தேடுவது எதை? டார்ச் விளக்கைத்தான். தஞ்சைத் தரணியில் பிறந்த நமக்கு அது வீட்டுப் பொருள் மட்டுமன்று. வயலுக்குப் போகும் பொருளும் ஆகும். சம்பாப் பயிருக்கு இரவில் மடை மாற்றவும், மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் போடவும், கன்று ஈனும் பசுவைக் கொட்டிலில் போய்ப் பார்க்கவும் நம் தந்தையரும் தாத்தாக்களும் அதை நம்பியே செல்கிறார்கள். ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர் கையிலும் அதைக் காண்கிறோம். இவ்வளவு பழகிய பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் எங்களை எண்ண வைத்தன. அவற்றைக் கூறிவிட்டுப் பாடத்திற்கு வருகிறோம்.

எங்கள் வீட்டு விளக்குகள்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்ததையும், மின்கம்பங்கள் வரிசையாக விழுந்ததையும் டெல்டா மாவட்டத்தார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நாங்கள் அப்போது சிறுமிகள். எங்கள் வீட்டில் இரண்டு விளக்குகள் இருந்தன. ஒன்று, தாத்தாவின் மூன்று கட்டை டார்ச். மற்றொன்று, அப்பா புதிதாக வாங்கியிருந்த சார்ஜ் செய்யும் டார்ச். முதல் இரவில் புதிய விளக்குப் பளிச்சென்று எரிந்தது. தாத்தாவின் விளக்கு அதன் முன் மின்மினி போல் இருந்தது. இரண்டாம் இரவில் புதியது மங்கியது. மூன்றாம் இரவில் அணைந்தே போயிற்று. சார்ஜ் செய்ய மின்சாரம் எங்கே? எங்கள் ஊருக்கு மின்சாரம் வரப் பல நாட்கள் ஆயின. அத்தனை இரவுகளிலும் எங்களுக்கு வழி காட்டியது தாத்தாவின் பழைய விளக்குத்தான். கட்டை தீர்ந்தால் தெருமுனைக் கடையில் வாங்கிப் போட்டார். அது மறுபடி எரிந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி சென்ற சம்பாப் பருவத்தில் நடந்தது. இதற்குள் அப்பா வேறொரு சார்ஜ் டார்ச் வாங்கியிருந்தார். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனோம். ஒட்டியிருந்த மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தார். உள்ளே சிறு பெட்டி போல் ஒரு பாட்டரி. அதன்மேல் அளவோ பெயரோ இல்லை. "இது அவங்க கம்பெனிக் கட்டைங்க. வெளியில கிடைக்காது. புது லைட்டே வாங்கிடுங்க" என்றார். விளக்கின் பல்பு நன்றாக இருந்தது. சுவிட்சும் நன்றாக இருந்தது. கட்டை ஒன்று போனதால் முழு விளக்கும் குப்பைக்குப் போயிற்று.

அந்த வாரமே ஓர் இரவு, அப்பா கைப்பேசி வெளிச்சத்தை நம்பி மடை அடைக்கப் போனார். அந்த வெளிச்சம் காலடியைத் தாண்டவில்லை. வரப்பில் "புஸ்" என்று குக்கர் போல் சீறும் ஒலி கேட்டு அப்படியே நின்றார். ஒரு முழம் முன்னே கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. கடவுள் அருளால் ஒன்றும் நேரவில்லை. வீட்டிற்கு வந்து திண்ணையில் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகத்தை நாங்கள் மறக்கவில்லை.

மரக்கால் கற்பிக்கும் பாடம்

தாத்தாவின் விளக்குக்கு எந்தக் கடையிலும் கட்டை கிடைத்தது ஏன்? அப்பாவின் விளக்குக்குக் கிடைக்காதது ஏன்? இதற்கு விடை "தரஅளவு" என்னும் ஒரே சொல்லில் இருக்கிறது.

நெல் விளையும் ஊரில் இது எளிதில் விளங்கும். ஆளுக்கு ஒரு மரக்கால் வைத்து அளந்தால் சந்தை நடக்குமா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், நெல் அளப்பதற்கு "ஆடவல்லான்" என்னும் பெயருடைய மரக்கால் குறிப்பிடப்படுகிறது. அது இராசகேசரி என்னும் அளவுக்குச் சமமானது என்றும் அக்கல்வெட்டுகள் கூறுகின்றன. கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே அளவை ஏற்றுக்கொண்டால் இருவருக்கும் நன்மை. மின்கலத்திற்கும் இதுவே பொருந்தும்.

தாத்தாவின் விளக்கில் போடும் பெரிய கட்டைக்கு "டி" அளவு என்று பெயர். இது அமெரிக்காவில் 1898இல் வந்தது. மறு ஆண்டே டேவிட் மிசெல் என்பவர் குழாய் வடிவக் கைவிளக்குக்கு அங்கே காப்புரிமை பெற்றார். இன்று டி கட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 34 மில்லிமீட்டர், நீளம் 61 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி செய்தாலும், எந்த நாட்டில் செய்தாலும் அளவு இதுவே. நாம் பென்டார்ச் கட்டை என்று கூறும் "ஏஏ" அளவு 14.5 மில்லிமீட்டர் குறுக்களவும் 50.5 மில்லிமீட்டர் நீளமும் உடையது. இவ்வளவுகளைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வரையறுத்துள்ளது. ஆகவே ஐம்பது ஆண்டுக்கு முன் வாங்கிய விளக்கிலும் இன்று வாங்கிய கட்டை பொருந்துகிறது.

ஒரு கம்பெனி தன் விளக்குக்கு மட்டும் பொருந்துமாறு தனி வடிவில் செய்து உள்ளே வைப்பது "தனியுரிமைக் கட்டை" எனலாம். அந்தக் கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டால் நம் விளக்கும் நின்றுவிடும்.

கட்டைக்குள்ளே நடப்பது என்ன?

சாதாரண உலர் மின்கலம், 1866இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் லெக்லாஞ்சி கண்டுபிடித்த மின்கலத்தின் வழிவந்தது. துத்தநாகக் குவளை எதிர்முனை. நடுவிலுள்ள கரித்தண்டு நேர்முனை. இடையில் மாங்கனீசு டை ஆக்சைடும் உப்புப் பசையும் இருக்கும். இதன் மின்னழுத்தம் 1.5 வோல்ட். துத்தநாகம் கரைந்து தீர்ந்தால் கலமும் தீர்ந்தது. இதை மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது.

சார்ஜ் செய்யக்கூடியவற்றுள் மூவகையை இங்கே பார்ப்போம். முதலாவது, 1859இல் பிளான்டே கண்டுபிடித்த காரீய அமில மின்கலம். ஒரு கலத்திற்கு 2 வோல்ட். இரண்டு சேர்ந்த 4 வோல்ட் பெட்டி, விலை குறைந்த சார்ஜ் டார்ச்சுகளில் அதிகம் காணப்படுகிறது. இதைச் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால், தகடுகளில் காரீய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு சார்ஜ் ஏறாது. மழைக்காலத்திற்கென்று பத்திரப்படுத்திய விளக்கு மழைக்காலத்தில் எரியாததன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இரண்டாவது, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டை. மின்னழுத்தம் 1.2 வோல்ட். இது ஏஏ போன்ற தரஅளவுகளிலேயே கிடைக்கிறது. பல நூறு முறை சார்ஜ் செய்யலாம். முன்பெல்லாம் சும்மா இருந்தாலே சில மாதங்களில் சார்ஜ் இறங்கிவிடும். 2005இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம், ஓராண்டு வைத்திருந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் தங்கும் வகையைக் கொண்டுவந்தது.

மூன்றாவது, லித்தியம் அயனி மின்கலம். 1991இல் விற்பனைக்கு வந்தது. இதை உருவாக்கியதற்காக 2019இல் குடெனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவரும் நோபல் பரிசு பெற்றனர். மின்னழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட். இதிலும் "18650" என்ற தரஅளவு உண்டு. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அவ்வெண்ணின் பொருள்.

இத்துறையின் ஆராய்ச்சி நமக்கு அண்டையிலேயே நடக்கிறது என்பது பெருமைக்குரியது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 1948இல் நேரு அவர்கள் அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1953இல் அது திறக்கப்பட்டது.

இரு பக்கமும் கேட்போம்

ஒரு பக்கத்தை மட்டும் பேசுவது நியாயமாகாது. உள்ளே வைத்து மூடிய கட்டைக்கும் சில நன்மைகள் உண்டு. விளக்குச் சிறியதாக அமையும். தண்ணீர் உள்ளே புகாமல் மூடலாம். லித்தியம் கட்டை வெளியே கிடந்து, சாவியோ நாணயமோ இரு முனையையும் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம். மூடிய விளக்கில் அந்த ஆபத்துக் குறைவு. பழக்கமில்லாதவர் கட்டையைத் தலைகீழாகப் போடும் தவறும் நேராது.

தரஅளவுக் கட்டையிலும் ஏமாற்று உண்டு. நல்ல 18650 கட்டையின் கொள்ளளவு பெரும்பாலும் 3500 மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டுவதில்லை. ஆனால் 9900 என்று அச்சிட்டு விற்கிறார்கள்! எண்ணைக் கண்டு மயங்கக் கூடாது. வேறொரு தந்திரமும் இருக்கிறது. பார்வைக்குத் தரஅளவுக் கட்டை போலவே இருக்கும். ஆனால் நேர்முனை, எதிர்முனை இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருப்பார்கள். வேறு கட்டை போட்டால் அந்த விளக்கு எரியாது, அல்லது சார்ஜ் ஏறாது. இது மரக்காலின் அடியில் மெழுகு வைத்ததைப் போன்றது.

ஒரு சிறு கணக்கு

மூன்று கட்டை டார்ச்சில் நிக்கல் கட்டைகள் மூன்றைப் போட்டால் மின்னழுத்தம் 3 × 1.2 = 3.6 வோல்ட். ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் மணி எனில், ஆற்றல் 3.6 × 2 = 7.2 வாட் மணி. ஒரு வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ ஏழு மணி நேரம் எரிய வேண்டும்; இழப்புகளால் சற்றுக் குறையும். சார்ஜ் செய்யும்போது பாதி வீணாவதாக வைத்துக்கொண்டாலும், ஒரு முறைக்கு 14.4 வாட் மணிதான் செலவாகும். ஒரு யூனிட் என்பது 1000 வாட் மணி. ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்தில் அறுபது முறைக்கு மேல் சார்ஜ் செய்யலாம். உலர் கட்டைகளை வாங்கி எறிவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

வாங்குமுன் கேட்க வேண்டியவை

தோழியரே, வீட்டில் புதிய விளக்கு வாங்கும்போது கடைக்காரரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. மூடியைக் கையால் திருகித் திறக்க முடியுமா?
2. உள்ளே உள்ள கட்டையின்மேல் அதன் அளவு எழுதியிருக்கிறதா?
3. அந்தக் கட்டை நம் ஊரிலோ பக்கத்து டவுனிலோ கிடைக்குமா?
4. வேறு கம்பெனிக் கட்டையைப் போட்டாலும் எரியுமா, சார்ஜ் ஏறுமா?

வாங்கிய பின் செய்ய வேண்டியவையும் உண்டு. காரீய வகை விளக்கை உபயோகித்தவுடன் சார்ஜ் செய்யுங்கள். எடுக்காவிட்டாலும் இரண்டு மாதத்திற்கு ஒரு முறை செய்யுங்கள். பழைய கட்டையையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். நெடுநாள் எடுக்காத விளக்கிலிருந்து உலர் கட்டைகளைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் உட்புறம் அரித்துவிடும். லித்தியம் கட்டையைத் தனியாகப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். தீர்ந்த கட்டைகளை வாய்க்காலிலோ வயலிலோ வீசாதீர்கள்.

இவ்விஷயத்தில் அரசுகளும் கவனம் செலுத்தத் தொடங்கியுள்ளன. 2022 ஆகஸ்டில் நம் நாட்டில் வெளியான பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பாட்டரிகளைத் திரட்டும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைக்கின்றன. பழுது பார்க்கும் உரிமை குறித்து ஆராய அதே ஆண்டு மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில், சிறு கருவிகளின் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று கூறி, 2027 பிப்ரவரி 18 என்று நாளும் குறித்தது.

சட்டம் வரும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. தாத்தாவின் மூன்று கட்டை டார்ச்சைத் துடைத்து, மூன்று கட்டைக்குரிய எல்.இ.டி. பல்பு போட்டோம். ஏஏ நிக்கல் கட்டைகளை டி அளவு உறைகளில் செருகி உள்ளே வைத்தோம். நாள்தோறும் சார்ஜ் கட்டையில் எரிகிறது. புயல் வந்து மின்சாரம் நின்றால், அதே விளக்கில் கடையில் வாங்கும் உலர் கட்டையையும் போடலாம். அதற்கென மூன்று கட்டைகளைச் சமையலறை அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறோம். இப்போது அப்பா வயலுக்குப் புறப்படும்போது அம்மா கேட்பது ஒன்றே: "லைட் எடுத்துக்கிட்டீங்களா?"

அவர் திரும்பும் வரை, வரப்பின்மேல் அசைந்து வரும் அந்த வெளிச்சத்தை நாங்கள் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்போம்.