அசோகர் கண்ட இன்பம்

அந்தக் காலத்து அரசர்களுக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, போரில் வெல்வது. மற்றொன்று, வேட்டை. பரிவாரத்தோடு காட்டுக்குப் போவார்கள். விலங்குகளைக் கொன்று களிப்பார்கள்.

அசோகர் மகத நாட்டின் பேரரசர். பட்டம் சூடிய எட்டாம் ஆண்டில் அவர் கலிங்கத்தை வென்றார். கலிங்கம் என்பது இன்றைய ஒடிசாப் பகுதி. அந்தப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். ஒன்றரை லட்சம் பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வெற்றி கிடைத்தது. ஆனால் அசோகருக்கு மகிழ்ச்சி இல்லை. மனம் வருந்தினார். அந்த வருத்தத்தைக் கல்லிலும் எழுதி வைத்தார். தான் செய்த கொடுமையை எந்த அரசர் இப்படி ஊரறியச் சொல்வார்?

பத்தாம் ஆண்டில் அசோகர் ஒரு பயணம் போனார். வேட்டைக்கு அல்ல. புத்தர் ஞானம் பெற்ற போதி மரத்தடிக்குப் போனார். அது முதல் அவருடைய பயணங்களே மாறிவிட்டன. துறவிகளைக் கண்டார். முதியவர்களுக்குப் பொருள் கொடுத்தார். கிராமத்து மக்களைச் சந்தித்து, அறத்தைப் பற்றிப் பேசினார். வேட்டையில் கிடைத்ததைவிட இதில்தான் இன்பம் அதிகம் என்று பாறையில் எழுதச் செய்தார்.

புவனேசுவரத்துக்கு அருகே தவுளி என்ற ஊர் உள்ளது. அங்கும் அவருடைய கல்வெட்டு இருக்கிறது. ஆனால் போரைப் பற்றிய பகுதி அதில் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முன் அதை வைக்க மனம் வரவில்லை போலும். அங்கே வேறொரு கட்டளை இருக்கிறது. மக்கள் எல்லாரும் தமக்குப் பிள்ளைகள் என்கிறார் அசோகர். யாரையும் காரணமின்றிச் சிறையில் அடைக்கக் கூடாது என்கிறார். பூச நட்சத்திர நாள்தோறும் அதைப் படித்துக் காட்ட வேண்டும். கேட்க ஒரே ஒருவர் இருந்தாலும் படிக்கலாம்.