புயலுக்குப் பின் ஓட்டுக் கூரை
(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

உணவு, உடை, உறையுள் என்று மூன்றையும் ஒருசேரச் சொல்வது வழக்கம். ஆயினும் மூன்றாவதன் அருமை புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில்தான் நன்கு விளங்குகிறது. உடையார்பாளையம் கடலோர ஊரன்று. கடற்கரை இங்கிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனினும் கரையேறும் புயல் வலுக்குன்றி வந்தாலும் பழைய ஓட்டு வீட்டைச் சோதிக்கப் போதுமானது.

காற்று கூரையை அழுத்திக் கெடுக்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் பெரும்பாலும் அது தூக்கிக் கெடுக்கிறது. முகட்டைத் தாண்டி விரைந்து ஓடும் காற்றினால் மறுசரிவின் மேல் அழுத்தம் குறைகிறது. திறந்த கதவு வழியே புகுந்த காற்றோ உள்ளிருந்து மேலே தள்ளுகிறது. காற்றின் வேகத்தை (மீட்டர்/வினாடி) வருக்கப்படுத்தி 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்பது கிடைக்கும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய 'தானே' புயலில் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை இருந்தது. இது வினாடிக்கு 39 மீட்டர். கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு 90 கிலோவுக்கு மேல் வரும். சீமை ஓடு ஒன்றின் எடை இரண்டு, இரண்டரைக் கிலோ. சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு என்றாலும் 40 கிலோவைத் தாண்டாது! இந்த இழுவிசை எல்லா ஓட்டின் மீதும் ஒரே அளவாக விழுவதில்லை. இறவாரம், முகடு, ஓரம் ஆகிய இடங்களில் மிகுதி. ஆகவேதான் முதலில் பறப்பவை ஓர ஓடுகளும் மோட்டு ஓடுகளுமே.

இனிப் பழுது பார்க்கும் முறையை நோக்குவோம். மின்சார மெயினை அணைக்காமல் எவரும் கூரையைத் தொடலாகாது. ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல், ஏணியைச் சரிவில் படுக்க வைத்துக் கட்டி அதன் மேல் ஏற வேண்டும். தார்ப்பாய் போடுவோர் ஓட்டை உள்ள இடத்தை மட்டும் மூடுகின்றனர், அது வீண். பாய் முகட்டைக் கடந்து மறுசரிவிலும் இறங்க வேண்டும். அதற்குப் பாரமாக மணல் மூட்டை வைக்கலாம், செங்கல் வைக்கக் கூடாது. அடுத்த காற்றில் அந்தச் செங்கல் யார் தலையில் விழுமோ?

ஓடு மாற்றுமுன் மரத்தைப் பார்க்க வேண்டும். கைமரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் உளுப்பு தொடங்கும். கூரிய ஆணியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பின்னர் இறவாரத்திலிருந்து மேல்நோக்கி ஓடு அடுக்க வேண்டும். ஓர வரிசை ஓடுகளைத் துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு கட்டுவது நலம். கம்பி கோப்பதற்கென்றே துளை வைத்த சீமை ஓடுகள் உண்டு. நம்மவர் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை.

இவையெல்லாம் தனி வீட்டுக்கும் பொருந்தும். வரிசை வீடுகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். ஒரு வீடு மாடியாக உயர்ந்து, பக்கத்து வீடு ஓடாகவே நின்றால், உயர்ந்த சுவரும் ஓடும் கூடும் மூலையே ஒழுகும் வாயாகிறது. அங்கே சிமெண்டைப் பூசி அடைப்பது எல்லாரும் செய்யும் வேலை. வெயிலிலும் மழையிலும் மரக்கூரை சற்றே அசையும், சுவர் அசையாது, சிமெண்டோ வளைந்து கொடுக்காது. எனவே ஓரிரு மழைக்காலத்துக்குள் விரிசல் கண்டுவிடும். ஓட்டுக்கு மேல் இரண்டு மூன்று அங்குல உயரத்தில் சுவரில் காடி வெட்டி, தகரத்தின் மேல்விளிம்பை அதனுள் செருகி, கீழ்விளிம்பை ஓட்டின் மேல் படியவிட வேண்டும். காடியை மட்டும் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தால் போதும். தகரம் அசைவுக்கு இடம் கொடுக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாகும் விதத்தை வேதியியல் நண்பர்கள் நன்கறிவர். சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர்பெற்ற அரியலூர் வட்டாரத்தில், சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைய வேண்டியிருப்பது வியப்பே!

ஆனால் காடி வெட்ட வேண்டியது அடுத்த வீட்டுச் சுவரில். ஒழுகுவதோ நம் வீட்டில். "உங்கள் ஓடுதானே பறந்தது, எங்கள் சுவரை ஏன் குத்துகிறீர்கள்?" என்ற பேச்சில் வேலை நின்று, மழை வந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஊறும் நீருக்கு இரண்டு பக்கமும் ஒன்றே. சுவர் நனைந்தால் மாடி வீட்டுக்காரரின் பூச்சும்தான் உதிரும். ஆகையால் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டு, இரண்டு வீட்டு வேலையையும் ஒரே கொத்தனாரிடம் ஒரே சமயத்தில் கொடுப்பதே முறை.

நெசவு வீடுகளில் காலமும் பார்க்க வேண்டும். என் தந்தையார் குழித்தறியில் நெய்பவர். பாவு நனைந்தால் பட்டு கெடும். தறிக்குழியில் நீர் நின்றால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஒரு பாவு அறுத்து முடித்து, மறுபாவு பிணைக்கும் முன் கிடைக்கும் இரண்டொரு நாளில் தறிக்கு மேலுள்ள ஓட்டைப் பிரித்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடுவதால், ஆவணிக்குள் முடிப்பதே நல்லது.