நெல்லுக்கு யூரியா: உச்சி எது?

தாமிரபரணிப் பாசனத்தில் கார் நெல்லுக்கு யூரியா கூடக்கூட மகசூலும் கூடும் என்று விவசாயிகள் பலர் கருதுகின்றனர். அப்படியானால் மகசூல் கோடு சாய்த்து வைத்த ஏணிபோல் நேராக ஏற வேண்டும். பயிரோ அப்படி விளைவதில்லை. மகசூல் குன்றுபோல் ஏறி, உச்சியைத் தொட்டு, பின் இறங்குகிறது.

கணக்கு விளங்க ஓர் எடுத்துக்காட்டு: யூரியா இடாத ஏக்கரில் 1,400 கிலோ நெல் விளைவதாகக் கொள்வோம். முதல் மூட்டையால் (45 கிலோ) 400 கிலோ, இரண்டாவதால் 240, மூன்றாவதால் 80 கூடி, மகசூல் 2,120 கிலோவாகிறது. இதுவே உச்சி. நான்காவது மூட்டை 80 கிலோவைக் குறைத்துவிடும். தழைச்சத்து மிகுந்தால் பயிர் சாயும். இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் பெருகும்.

இக்கணக்கில் 2 மூட்டைக்கும் 2,040 கிலோ, 4 மூட்டைக்கும் 2,040 கிலோ. எனவே மகசூலை மட்டும் பார்த்தால், நிற்பது ஏற்றத்திலா இறக்கத்திலா என்று தெரியாது.

இதை அறிய, வரப்பிட்டுப் பிரித்த ஒரு பாத்தியில் கடைசி மேலுரத்தை மட்டும் பாதியாகக் குறைக்க வேண்டும். அதையும், முழு அளவு உரமிட்ட அதே பரப்புள்ள பாத்தியையும் தனித்தனியே அறுத்து நிறுக்க வேண்டும். குறைத்த பாத்தியில் நெல் குறைந்தால் வயல் ஏற்றத்தில் உள்ளது. கூடினால் இறக்கத்தில் உள்ளது. சமமானால் உச்சியை ஒட்டியுள்ளது. பின் இரண்டு நிலைகளிலும் அந்த அரை அளவு உரம் வீண் செலவே.

உச்சி வயலுக்கு வயல் மாறும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட அம்பை 16 போன்ற குறுகிய கால ரகத்துக்கும், நீண்ட காலப் பிசான ரகத்துக்கும் அது ஒன்றல்ல. ஆகவே மண் பரிசோதனைப்படி உரமிட்டு, பாத்திச் சோதனையால் அளவைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.