பெயர் ஒன்று, சரக்கு வேறு



எங்கள் வடகரைப் பக்கத்திலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் சரக்கு போவது நெடுநாள் வழக்கம். மலைக்கு இப்புறம் 'மிளகு' என்றால் நல்லமிளகு. அப்புறம் 'முளகு' என்றால் மிளகாய். நல்லமிளகை அவர்கள் 'குருமுளகு' என்பார்கள். காதுக்கு ஒரே சொல். சரக்கும் விலையும் வேறு.

இக்காலத்தில் கணிப்பொறிகளே செய்தி பரிமாறுகின்றன. நம் கணக்கு மென்பொருள் ஒன்று, வாங்குபவருடையது வேறு. இரண்டுக்கும் பொது மொழியாகத்தான் ஜி.எஸ்.டி.யில் மின்-விலைப்பட்டியல் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்களுக்கும் அது கட்டாயமாயிற்று. சரக்கைக் குறிக்க ஹெச்.எஸ்.என். எண் உண்டு. அதன் முதல் 6 இலக்கங்கள், உலக சுங்க அமைப்பின் ஏற்பாட்டில் 1988 முதல் பல நாடுகளுக்கும் பொதுவானவை.

எண் போட்டுவிட்டால் போதுமா? போதாது. 0904 என்ற தலைப்பில் நல்லமிளகும் அடங்கும், மிளகாய் வத்தலும் அடங்கும். 6 இலக்கம் எழுதினால்தான் பிரியும்: பொடிக்காத நல்லமிளகு 090411, பொடிக்காத வத்தல் 090421. விற்றுமுதல் 5 கோடிக்குள் உள்ளவர்களுக்கு 4 இலக்கமே சட்டப்படி போதும்; ஆனால் சரக்கு எதுவென்று அது சொல்லாது.

அளவிலும் இதே சிக்கல். ஊருக்கு ஊர் மரக்கால் மாறியது ஒரு காலம்; 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிலோ பொதுவாயிற்று. ஆனால் 'சிப்பம்' இன்றும் நிலையாக இல்லை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையிலடைத்து விவரம் அச்சிட்ட அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. உடனே 26 கிலோ சிப்பம் கடைக்கு வந்தது. "100 சிப்பம்" என்பது 2,500 கிலோவா, 2,600 கிலோவா? எடையோடு வரியும் மாறுகிறதே!

ஆகவே நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. புதிய வாடிக்கையாளருடன் முதல் வியாபாரத்திலேயே ஒரு பட்டியல் எழுதிக்கொள்ள வேண்டும். நாம் சொல்லும் பெயர், அவர் சொல்லும் பெயர், 6 இலக்க எண், ஒரு சிப்பத்தின் கிலோ ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். இருவரிடமும் ஒரு நகல்.

2. சட்டம் கேட்காவிட்டாலும் பில்லில் 6 இலக்கம் எழுதுவோம்.

3. மூட்டை எண்ணிக்கையோடு நிகர எடையைக் கிலோவில் தவறாமல் குறிப்போம்.

4. சிப்பத்தின் அளவு மாறினால், சரக்கு ஏற்றுமுன் தெரிவிப்போம்.

கணிப்பொறி நாம் எழுதியதை அப்படியே கொண்டுசேர்க்கும். நாம் நினைத்ததை அல்ல. லாரி மலையிறங்கிய பிறகு வழக்காடுவதைவிட, ஏற்றுமுன் ஒரு முறை ஒத்துப்பார்ப்பது இரு தரப்புக்கும் லாபம்.