யாவரும் நலம்: அச்சமும் அன்பும்

நுழையும்முன்

அச்சம் மனிதரோடு பிறந்த உணர்வு. தொல்காப்பியம் எடுத்துரைக்கும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. தெய்வ அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தண்டிக்கும் தலைவர் ஆகிய நான்கின் வழியாக அச்சம் தோன்றும் என்று அந்நூல் வகுத்துக் கூறுகிறது. இவ்வுணர்வைத் திரைப்படக்கலை எவ்வாறு கையாளுகிறது? குடும்பக்கதையும் திகிலும் ஒன்றாகக் கலக்கும்போது என்ன நிகழ்கிறது? ஒரு திரைப்படத்தை முன்வைத்து இப்பாடம் இவற்றை ஆராய்கிறது.

சிறு களம், பெரிய திகில்

திகில் படம் எடுக்கப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு வீடு, சில நடிகர்கள், குறைந்த வெளிச்சம், தக்க ஒலி ஆகியன போதும். எங்கோ ஒரு கதவு மெல்லத் திறக்கும் ஓசை, பல நூறு பேர் மோதும் போர்க்காட்சியைவிட மிகுதியாக மனத்தை நடுங்கச் செய்யும். காணாத பகுதியைக் காண்பவரின் கற்பனையே நிரப்பிக்கொள்வதுதான் இதற்குக் காரணம். கற்பனைக்குச் செலவு கிடையாது. இதனாலேயே புதிய இயக்குநர்கள் பலர் இவ்வகைப் படங்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். கார்த்திக் சுப்பராஜ் தம் முதல் படமாகச் சிறிய பொருட்செலவில் இயக்கிய 'பீட்சா' (2012), ஓர் இளைஞன் இருண்ட மாளிகையில் சிக்கிக்கொள்வதைக் கொண்டே காண்போரை அச்சுறுத்தியது.

குடும்பத்துக்குள் மர்மத்தை வைப்பதும் தமிழ்த்திரைக்குப் புதிதன்று. எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பாடல்களே இல்லாமல் வெளிவந்தது. வானொலிப் பொறியாளர் ஒருவர் தம் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறார். மனைவி, தம்பி, தம்பி மனைவி, அண்டைவீட்டார் எனப் பலர்மீதும் ஐயம் எழுகிறது. இவ்வழியில் வந்த பிற்காலப் படங்களுள் குறிப்பிடத்தக்கது 'யாவரும் நலம்' (2009).

பதின்மூன்றாம் தளத்து வீடு

விக்ரம் குமார் இயக்கிய இப்படத்தில் மாதவன் மனோகர் என்னும் இளைஞனாக நடித்தார். பி. சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்தார். கதை எளிமையாகவே தொடங்குகிறது. தாய், அண்ணன், அண்ணி, தங்கை, மனைவி, குழந்தைகள் அடங்கிய கூட்டுக்குடும்பம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதின்மூன்றாம் தளத்தில் புதுவீடு வாங்கிக் குடியேறுகிறது. வீடெங்கும் சிரிப்பொலி நிறைந்திருக்கிறது.

சிறுசிறு குறைகள் மெல்லத் தலைகாட்டுகின்றன. மனோகர் தனியாக ஏறினால் மின்தூக்கி நகர மறுக்கிறது. பிறர் ஏறினால் இயங்குகிறது. வீட்டுக்குள் அவன் கைப்பேசியில் எடுக்கும் அவனுடைய படங்கள் மட்டும் சிதைந்து தெரிகின்றன. அண்டைவீட்டுப் பார்வையற்ற முதியவரின் வழிகாட்டி நாய் அந்த வீட்டுக்குள் அடியெடுத்து வைக்க அஞ்சுகிறது. இவை ஒவ்வொன்றும் அற்பமானவை. பழுதென்றோ தற்செயலென்றோ தள்ளிவிடலாம். ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது ஐயம் வலுக்கிறது.

தொலைக்காட்சியில் நம் வீடு

நண்பகல் ஒரு மணிக்குத் தொலைக்காட்சியில் ஒரு தொடர் ஒளிபரப்பாகிறது. அதன் பெயரும் 'யாவரும் நலம்' என்பதே. வீட்டுப் பெண்கள் அதனை ஆர்வத்தோடு காண்கின்றனர். அத்தொடரிலும் ஒரு குடும்பம் புதுவீட்டில் குடியேறியிருக்கிறது. அக்குடும்பத்தில் நிகழ்வது தன் குடும்பத்திலும் அப்படியே நிகழ்வதை மனோகர் கண்டறிகிறான். முதலில் நிகழ்பவை மகிழ்ச்சியான செய்திகளே. பின்னர்த் தொடரில் துயரம் நுழைகிறது. துயரம் அவன் வீட்டுக்கும் வருகிறது.

இங்கே திகிலின் இயல்பை உணரலாம். திடீரென ஓர் உருவம் தோன்றினால் உண்டாவது அதிர்ச்சி. அது நொடிப்பொழுதில் அடங்கிவிடும். தீங்கு வருமென முன்னரே அறிந்து, அது எப்போது, எவருக்கு வரும் என அறியாது காத்திருப்பது திகில். அது நீண்டு நிற்கும். நாளைய பகுதியில் என்ன நடக்குமோ என்று தொடர்பார்ப்பவர் கேட்பது பொழுதுபோக்கு. அதே கேள்வியை மனோகர் கேட்கும்போது அது அவன் வீட்டாரின் உயிரைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

சொல்ல முடியாத சுமை

மனோகருக்கு முன் ஒரு கடினமான தேர்வு நிற்கிறது. உண்மையைச் சொன்னால் மகிழ்ச்சியாக வாழும் குடும்பம் கலங்கிப்போகும். சொல்லாவிட்டால் வரும் தீங்கை அவன் ஒருவனே தடுக்க வேண்டும். அவன் வீட்டாரிடம் சொல்லாமல் தேடலில் இறங்குகிறான். காவல்துறையில் பணிபுரியும் நண்பனின் துணையை நாடுகிறான். தேடல் அவனைப் பல ஆண்டுகளுக்கு முன் அதே நிலத்தில் வாழ்ந்து கொலையுண்ட வேறொரு குடும்பத்திடம் கொண்டுசேர்க்கிறது. அவர்களுக்குக் கிடைக்காத நீதியே இத்தனைக்கும் அடிப்படை என்பது மெல்ல விளங்குகிறது. குற்றவாளி யார் என்பதைப் படமே கூறட்டும்.

தனக்கென்று அஞ்சுபவன் அந்த வீட்டைவிட்டு ஓடியிருப்பான். மனோகர் தன் வீட்டாருக்காக அஞ்சுகிறான். ஆதலால் நின்று தேடுகிறான். குடும்பத்தின் சிரிப்பைப் படம் முதலில் பொறுமையாகக் காட்டியதன் பயனும் இப்போது புரிகிறது. அந்தச் சிரிப்பை நாம் விரும்பத் தொடங்கியதாலேயே அதனை இழந்துவிடுவோமோ என்று நாமும் நடுங்குகிறோம். அன்பில்லாத இடத்தில் இத்தகைய அச்சம் தோன்றாது.

இரு மொழியில் ஒரு கதை

இப்படம் தமிழிலும் இந்தியிலும் உருவாக்கப்பட்டது. இரண்டிலும் மாதவனே நடித்தார். தாயாகத் தமிழில் சரண்யாவும் இந்தியில் பூனம் தில்லானும் நடித்தனர். இந்திப் படத்தின் பெயர் '13பி'. அது வீட்டின் எண். தமிழ்ப்பெயரோ, பழைய கடிதங்களில் உறவினர் எழுதும் நலச்செய்தி. ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் குடும்பங்கள் தொலைபேசியில் முதலில் கேட்பதும் சொல்வதும் அதுவே. ஒரு பெயர் இடத்தைச் சுட்டுகிறது. மற்றொன்று உறவைச் சுட்டுகிறது. 'யாவரும் நலம்' என்று சொல்லும் வீட்டில் ஒருவன் மட்டும் நலமில்லாத ஒன்றை அறிந்திருக்கிறான் என்பதே கதையின் உயிர்நாடி.

சொல்லும் பொருளும்

மெய்ப்பாடு – உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதல்
அணங்கு – வருத்தும் தெய்வம்
மின்தூக்கி – மாடிகளுக்கு ஏற்றி இறக்கும் மின்பொறி
ஐயம் – சந்தேகம்
அற்பம் – மிகச் சிறியது

பயிற்சி

1. அச்சம் தோன்றும் நான்கு வழிகளாகத் தொல்காப்பியம் கூறுவன யாவை?
2. அதிர்ச்சிக்கும் திகிலுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. மனோகர் தன் வீட்டாரிடம் உண்மையை மறைத்தது சரியா? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.
4. தமிழ்ப்பெயர், இந்திப்பெயர் ஆகிய இரண்டனுள் கதைக்குப் பொருத்தமானது எது? ஏன்?

மொழித்திறன்

'யாவரும் நலம்' என்பதில் வினைச்சொல் இல்லை. 'நலம்' என்னும் பெயரே பயனிலையாக நின்று பொருளை முடிக்கிறது. இவ்வாறு பெயர்ப்பயனிலை கொண்டு முடியும் தொடர்கள் ஐந்தினை எழுதுக.

செயல்பாடு

ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு நலம் கேட்டு ஒரு கடிதம் எழுதுக. வீட்டில் பெரியவர்களிடம் சொல்லத் தயங்கிய ஒரு செய்தியையும் அதில் பக்குவமாகத் தெரிவிக்க.