சாம்பாரில் கலந்த பொடி

குடியை நிறுத்த நினைப்பவர்களின் ஏ.ஏ. கூட்டம் நடக்கும் இடத்தில் பெரும்பாலும் பலகை இருக்காது. சர்ச் வளாகத்தின் பின்பக்க அறை, பள்ளி விட்ட பிறகு காலியாகக் கிடக்கும் வகுப்பறை, இப்படி ஏதோ ஓர் இடத்தில் கூடுவார்கள். வாட்ச்மேனிடம் ‘ஏ.ஏ. மீட்டிங்’ என்றால் கை காட்டிவிடுவார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று முழுப் பெயரைச் சொல்லி அவரைக் குழப்ப வேண்டாம். கிழமை, நேரம், இடமெல்லாம் அமைப்பின் இந்திய இணையதளத்தில் உண்டு. போன் போட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புவது நல்லது. தமிழில் நடக்கும் கூட்டமாகப் பார்த்துப் போக வேண்டும். ஆங்கிலத்தில் பேசினால் நம் ஆட்களுக்கு அழுகை வராது, வியாக்கியானம்தான் வரும்.

உள்ளே கட்டணமும் இல்லை, பதிவேடும் இல்லை. பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார்கள். புதியவர் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடுவதில்லை, அறிவுரை சொல்வதும் இல்லை. குடிகாரன் ஒருவனுக்கு ஒரு மணி நேரம் அறிவுரையே கிடைக்காத இடம் தமிழ்நாட்டில் வேறு எங்காவது இருக்கிறதா? கடைசியில் வசூல் நடக்கும். உறுப்பினர்கள் போடுகிற காசில்தான் செலவு. வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை.

சேர்வதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசை குடிக்கிறவனுக்கு வர வேண்டும், அவன் வீட்டாருக்கு வந்தால் போதாது.

இதை எழுதுகிறவனின் வீட்டில் அது நேர் தலைகீழாக நடந்தது. ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்’ என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருந்ததை நம்பி, மைத்துனர் ஒரு பொடி வாங்கி வந்தார். பொட்டலத்தில் பெயர் கிடையாது. அம்மாவும் மனைவியும் அதைச் சாம்பாரில் கலந்தார்கள். “இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுடா கண்ணு” என்று அம்மா பரிமாறியதற்கு வேறு அர்த்தம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று மாலை டாஸ்மாக் பாரில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து விழுந்தவனை ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டபோது, தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

டைசல்ஃபிரமாக இருக்கலாம் என்பது டாக்டரின் சந்தேகம். மதுவை உடல் சிதைக்கும்போது உண்டாகும் அசிடால்டிஹைடை அடுத்த கட்டத்துக்குப் போகவிடாமல் தடுக்கும் மருந்து அது. நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதத்துடன், உடல்நிலையைச் சோதித்துத்தான் கொடுப்பார்கள். தெரியாமல் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். பொடியின் விளைவு என்ன? எழுதுகிறவன் குடியை விடவில்லை, வீட்டுச் சாப்பாட்டை விட்டான். பெற்றவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் பயம். உங்கள் வீட்டிலும் இப்படியொரு மைத்துனர் இருப்பார். பொட்டலத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டுங்கள்.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன் செய்தது இந்தப் பொடி வேலைக்கு எதிர்மாறான காரியம். நியூயார்க்கின் பங்குச் சந்தை ஆள், வந்த வியாபாரம் படுத்துவிட்டது, ஹோட்டலில் பார் வேறு அழைக்கிறது. தான் குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு குடிகாரனோடு பேச வேண்டும் என்று போனைச் சுழற்றினார். அப்படிக் கிடைத்தவர்தான் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் அமைப்பு தொடங்கிய நாளாகக் கொள்கிறார்கள். இந்தியாவுக்கு அது 1957-ல் வந்தது.

ஆனால் கூட்டம் ஆஸ்பத்திரி ஆகாது. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கலாம், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சித்தப்பிரமையும் வரலாம். முதலில் டாக்டர், பிறகு கூட்டம். எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசிய உதவி எண்ணைக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. இந்தக் கூட்டங்களால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு 2020-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இருக்கிறது. 27 ஆய்வுகளை அலசி, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற சிகிச்சைகளைவிட ஏ.ஏ. வழி மேல் என்கிறது அது.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். பெரியார் வழி வந்தவர்களுக்கு இது உறுத்தும், எழுதுகிறவனுக்கும் உறுத்தியது. எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு, யாரும் சண்டைக்கு வருவதில்லை.

வீட்டாருக்கு அல்-அனான் என்று தனி அமைப்பு, 1951-லிருந்து இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் தொடங்கியவர்களில் ஒருவர். எழுதுகிறவனின் மனைவி இப்போது அதற்குப் போகிறார். ஏ.ஏ.விலும் ‘திறந்த கூட்டம்’ என்று அறிவித்தால் குடிக்காதவர்களும் வந்து உட்காரலாம், மைத்துனர்கள் உட்பட.